நடுவனும் நடுநிலைமையும்

கூற்றுவனுக்குத் தமிழ் நிகண்டுகள் தரும் பெயர்கள் பல. அவற்றுள் இரண்டு நம் கருத்தைப் பெரிதும் கவர்வன. ஒன்று நடுவன், மற்றொன்று சமன். இச்சொற்களின் வேர் யாதென மொழிநூலார் ஆராய்ந்து சொல்லட்டும். சமன் என்பது வடசொல்லின் வழிவந்தது, அடங்கச் செய்பவன் என்பதே அதன் பொருள் என்பாரும் உளர். ஆயினும் தமிழ்ச் செவியில் அவை ஒலிக்குங்கால் நம் உள்ளத்தில் எழும் பொருள் ஒருபால் கோடாதவன் என்பதே. வேந்தனையும் உழவனையும் ஒரே கோலால் நிறுப்பவன் அவன். வள்ளுவப் பெருந்தகை நிலையாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். சித்தர்கள் செல்வச் செருக்கை எள்ளியதும் அவன் பெயரைச் சொல்லித்தான். தில்லியின் நிகம்போத் படித்துறையிலோ கொல்கத்தாவின் கேவ்ராத்தலாவிலோ உற்றார் ஒருவரை எரியூட்டிவிட்டுத் திரும்பும் நாமும், "இங்கே வந்துவிட்டால் எல்லாரும் ஒன்றுதான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்கிறோம்.

இவ்வாறு சொல்லிக்கொள்வது ஆறுதலா, அறமா? சாவில் யாவரும் சமம் என்னும் மெய்ம்மை, வாழ்விலும் சமம் வேண்டும் என்பார்க்குத் துணை நிற்பதா, அன்றி அவர் வாயை அடைப்பதா? இவ்வினாவுக்கு நூல்களைவிட ஓவியங்களே தெளிவாக விடை தருகின்றன என்பது நம் எண்ணம். புலவன் 'சாவு' என்று பொதுப்பட எழுதிவிட்டு மேலே செல்லலாம். ஓவியனுக்கு அவ்வுரிமை இல்லை. யாருடைய சாவு, எவ்விடத்தில், உடலைச் சூழ்ந்து நிற்போர் யார், அவர் முகம் எத்தகையது என்பனவற்றையெல்லாம் அவன் தீட்டியே ஆகவேண்டும். தீட்டுங்கால் தான் எப்பக்கம் நிற்பவன் என்பதையும் அவன் காட்டிக்கொடுத்து விடுகிறான்.

பாரிசு மாநகரில் 'மாசற்ற குழந்தைகள்' என்னும் பெயரில் பழைய இடுகாடு ஒன்று இருந்தது. எலும்புகளைக் குவித்து வைக்கும் மண்டபத்தின் கீழே, அதன் மதிற்சுவரில், 1424-25-ஆம் ஆண்டுகளில் நீண்டதொரு சுவரோவியம் எழுந்தது. 'சாவின் நடனம்' என்று அதனை அழைப்பர். போப்பாண்டவர், பேரரசர், கர்தினால், மன்னர் எனத் தொடங்கி, வணிகர், உழவர், தொட்டில் குழந்தை ஈறாக ஒவ்வொருவர் கையையும் ஓர் எலும்புருவம் பற்றி இழுத்துச் செல்கிறது. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைக் கொள்ளைநோய் சூறையாடியிருந்தது. அதன் பின்னும் அந்நோய் தலைமுறைதோறும் திரும்பி வந்துகொண்டிருந்தது. அச்சத்திற் பிறந்த ஓவியம் இஃது என்பதில் ஐயமில்லை. 1669-இல் தெருவை அகலப்படுத்த மதிலை இடித்தபோது ஓவியமும் அழிந்தது. 1485-இல் வெளிவந்த மரச்செதுக்குப் பதிப்பொன்றால் அதன் சாயலை இன்று அறிகிறோம்.

இவ்வோவியத்தில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. யாவரும் சமம் என்று பறைசாற்றும் அந்நடனத்தில் வரிசைமுறை மட்டும் சிறிதும் கலையவில்லை. முதலில் போப்பாண்டவர், அடுத்துப் பேரரசர். உழவன் நிற்குமிடம் வரிசையின் கடைப்பகுதியில். எலும்புருவங்களுக்கும் யார் முன், யார் பின் என்பது நன்கு தெரிந்திருக்கிறது. மேடையில் யாருக்கு எந்த நாற்காலி என்று விழாக் குழுவினர் படும் பாட்டைக் கண்டறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

நூறாண்டுகள் கழிந்தபின், பேசல் நகரில் வாழ்ந்த ஹான்ஸ் ஹோல்பைன் என்னும் இளம் ஓவியர் அப்பொருளையே மீண்டும் கையாண்டார். உள்ளங்கையில் அடங்கும் சிறு படங்கள் அவை. 1520-களின் நடுப்பகுதியில் வரையப்பெற்று, ஹான்ஸ் லுட்சல்பர்கர் என்னும் கைவினைஞரால் மரத்தில் செதுக்கப்பெற்று, 1538-இல் பிரான்சின் லியோன் நகரில் 41 படங்கள் கொண்ட நூலாக வெளிவந்தன. செல்வரிடம் கையூட்டுப் பெறும் நீதிபதியின் கோலைச் சாவு முறிக்கிறது. கருமி எண்ணிக்கொண்டிருக்கும் காசுகளை அவன் கண்ணெதிரே வாரிக்கொள்கிறது. ஆனால் உழவனிடம் வரும்போது அதன் போக்கே மாறிவிடுகிறது. தளர்ந்த கிழவன் ஏரைப் பிடித்திருக்கிறான். சாவு ஏர்க்குதிரைகளின் அருகே ஓடி அவற்றை ஓட்டி உதவுகிறது. தொலைவில் தேவாலயக் கோபுரத்தின் பின்னே கதிரவன் இறங்குகிறான். இன்னும் ஒரு சால்தான், பின்னர் ஓய்வெடுக்கலாம் என்று அவனைத் தேற்றுவது போன்ற காட்சி அது.

அழகிய படம், ஆயினும் அதன் அழகே நம்மை உறுத்துகிறது. செல்வனுக்குச் சாவு தண்டனை, ஏழைக்கு அதுவே ஓய்வு என்றால், ஏழை உயிரோடிருக்கையில் எதைக் கேட்க வேண்டும்? கணக்கு எப்படியும் இறுதியில் நேராகிவிடுமே!

உழவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. ஹோல்பைன் இப்படங்களை வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1524-25-இல், செருமன் நாட்டு உழவர்கள் திரண்டெழுந்தனர். 1525 மார்ச்சுத் திங்களில் மெம்மிங்கன் நகரில் அவர்கள் வகுத்த பன்னிரு கோரிக்கைகளுள் மூன்றாவது, அடிமை முறையை நீக்க வேண்டும் என்பது. ஆயனையும் ஆண்டகையையும் கிறித்து வேறுபாடின்றித் தம் குருதியால் மீட்டார் என்பதே அவர்கள் காட்டிய காரணம். இடுகாட்டுச் சுவரில் எழுதியிருந்த செய்திதான் அதுவும். இடுகாட்டுக்குச் செல்லும் முன்பே அதனை நிறைவேற்றுங்கள் என்று கேட்டதே அவர்கள் செய்த குற்றம். எழுச்சி அடக்கப்பட்டது. மாண்டோர் ஒரு இலட்சம் வரை இருக்கலாம் என்பர். அவர்களுள் ஒரு பகுதியினருக்குத் தலைமை தாங்கிய தாமஸ் முன்ட்சர் என்னும் சமயகுரு 1525 மே 27-இல் தலை துணிக்கப்பட்டார்.

இக்குருதியின் கறை ஓவியங்களிலும் படிந்தது. ஹோல்பைனின் தொகுதியில் பிரபு ஒருவரைப் பிடிக்க வரும் சாவு, கந்தலுடுத்த உழவனின் கோலத்தில் வருகிறது. கதிரடிக்கும் கோல் காலடியில் கிடக்க, பிரபுவின் குலச்சின்னத்தையே அவர்மேல் ஓங்குகிறது. சாவுக்கு ஓர் உடையும் ஒரு சினமும் வந்துவிட்டன! ஆல்பிரெக்ட் டியூரர் என்னும் பேரோவியர் 1525-இல் வெளியிட்ட அளவியல் நூலொன்றில், கிளர்ந்தெழுந்த உழவரை வென்றவன் வெற்றித்தூண் நாட்ட விரும்பினால் இவ்வாறு நாட்டலாம் என்று ஒரு வரைபடம் தந்தார். கீழே ஆடுமாடுகள், அதன்மேல் தானியப் பெட்டி, பாற்குடம், கதிர்க்கட்டு, கோழிக் கூண்டு. உச்சியில் குனிந்தமர்ந்த உழவன் ஒருவன், முதுகில் பாய்ந்த வாளோடு. இது தோற்றவரை நகைப்பதா, அவருக்காக அழுவதா என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். முதுகில் வாளைப் பாய்ச்சியதைப் புகழ் என்று எந்த வீரனும் கொள்ளான் என்பதை எண்ணினால், நாம் அழுகையின் பக்கமே சாய்கிறோம். யெர்க் ராட்கெப் என்னும் மற்றோர் ஓவியருக்கு இத்தகைய இரட்டுற மொழிதலும் வாய்க்கவில்லை. உழவர் பக்கம் நின்றமைக்காக 1526-இல் போர்ட்சைம் நகரில் அவரை நான்கு கூறாக்கிக் கொன்றனர். அவர் தீட்டிய பலிபீட ஓவியம் இன்று ஸ்டுட்கார்ட் காட்சியகத்தில் உள்ளது.

சாவில் சமன்மை என்பதை ஓர் அரசு சட்டமாகவே இயற்றிய விந்தையைக் காண மீண்டும் பிரான்சுக்குச் செல்ல வேண்டும். பழைய பிரெஞ்சு ஆட்சியில் தூக்குமேடையிலும் சாதி இருந்தது. உயர்குடியினன் குற்றம் செய்தால் வாளால் தலையை வெட்டுவர். எளியவனைக் கயிற்றில் தொங்கவிடுவர், அல்லது சக்கரத்தில் கட்டி எலும்பை முறிப்பர். 1789-இல் புரட்சி வெடித்த சில திங்களிலேயே கில்லட்டின் என்னும் மருத்துவர், குற்றம் ஒன்றாயின் தண்டனையும் ஒன்றே ஆகவேண்டும் என்று பேரவையில் முன்மொழிந்தார். 1791-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், கொலைத்தண்டனை பெற்ற யாவருக்கும் தலை துணிக்கப்படும் என்று விதித்தது. 1792 ஏப்ரல் 25-இல் புதிய கருவி முதன்முதலாக ஒரு வழிப்பறிக் கள்வன்மேல் இறங்கியது. ஒன்பது திங்கள் கழித்து, 1793 சனவரி 21-இல், அதே போன்ற கருவி மன்னன் பதினாறாம் லூயியின்மேல் இறங்கியது. நிலத்தையும் செல்வத்தையும் சமமாக்க முடியாதவர்களும் சாவை முழுமையாகச் சமமாக்கி விட்டனர்! அக்காலத்துப் புரட்சியாளரை நாம் இகழவில்லை. ஆயினும் சமன்மைகளுள் மிக எளிதானது எதுவோ, அதுவே முதலில் நிறைவேறியது என்பது மறக்கத்தக்கதன்று.

அப்புரட்சியின் பேரோவியர் ழாக் லூயி தாவித். மன்னனின் தலைக்கு வாக்களித்த பேரவை உறுப்பினரும் அவரே. 1793 சூலை 13-இல், 'மக்களின் நண்பன்' இதழாசிரியரான மாரா, சார்லட் கோர்டே என்னும் பெண்ணால் தம் குளியல் தொட்டியிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொடிய தோல்நோயால் துன்புற்ற மாரா, மருந்து நீரில் அமர்ந்தவாறே எழுதுவது வழக்கம். முந்தைய நாள்தான் தாவித் அவரை நேரிற் கண்டு வந்திருந்தார். நண்பருக்காக அவர் தீட்டிய படம் இன்று பிரசல்சு நகரில் உள்ளது. படத்தின் மேற்பாதி முழுவதும் வெறுமை. கீழே, தொட்டியின் விளிம்பில் சரிந்த தலை, தொங்கும் வலக்கை, விரலிடையே இறகுப் பேனா. அருகில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல், நாட்டுக்காக உயிர்நீத்தவனின் மனைவியான ஐந்து பிள்ளைகளின் தாய்க்குக் கொடுக்குமாறு எழுதிய குறிப்பும் பணத்தாளும். தோல்நோயின் சுவடு எங்கும் இல்லை. கோடை வெப்பத்தில் அவ்வுடல் விரைந்து அழுகத் தொடங்கியிருந்தது என்பதும் படத்திற்குத் தெரியாது. சிலுவையினின்று இறக்கப்பட்ட கிறித்துவின் கையை இத்தாலிய ஓவியர்கள் எவ்வாறு தீட்டினரோ அவ்வாறே இக்கை தொங்குகிறது. கடவுளையும் குருமாரையும் துறந்த புரட்சி, தன் மாவீரனைத் தீட்டக் கோயிற் சுவரிலிருந்தே உருவைக் கடன் வாங்கியது.

ஓவியத்தின் பெருமையை நாம் குறைத்துரைக்கவில்லை. அதன் முன் நின்றவர் யாரும் எளிதில் மறவார். ஆனால் அது எதனை மறைக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். மாரா ஏழைகளுக்காகப் பேசியவர். அதே பேனாவால் எதிரிகளின் தலைகள் உருள வேண்டும் என்று மீண்டும் மீண்டும் எழுதியவரும் அவரே. 1793 அக்டோபர் 16 அன்று இப்படம் லூவர் அரண்மனை முற்றத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அன்றே அரசி மரி அந்துவானெத்தைக் கொலைக்களத்திற்கு வண்டியில் ஏற்றிச் சென்றனர். தாவித் அவளையும் வரைந்தார். கைகள் பின்னே கட்டப்பட்டு, மயிர் கத்தரிக்கப்பட்டு, வாய் இறுகி அமர்ந்த ஒருத்தியைச் சில கோடுகளில் இரக்கமின்றிக் கிறுக்கிய சிறு படம் அது. ஒரே கை, ஒரே நாள், இரண்டு சாவுகள்! ஒன்றுக்குத் திருவுருவம், மற்றொன்றுக்குக் கேலிச் சித்திரம். கருவி காட்டிய நடுநிலைமையை ஓவியன் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டுமா என்பது வேறு வினா. மாராவின் உடலை 1794 செப்டம்பரில் சான்றோர் மண்டபத்திற் கொண்டு வைத்தவர்கள் 1795 பிப்ரவரியில் வெளியேற்றினர். தாவித்தோ சிறை மீண்டு, நெப்போலியனின் ஓவியராகி, இறுதியில் நாடு கடந்து பிரசல்சில் மறைந்தார்.

இறந்த புரட்சியாளனைத் திருவுருவாக்காமலும் இழிவு செய்யாமலும் தீட்ட இயலுமா? இயலும் என்று காட்டியவர் ஒரு பெண். கேத்தெ கோல்விட்ஸ் 1867-இல் பிறந்தவர். கணவர் மருத்துவர், பெர்லின் நகரில் தொழிலாளர் வாழும் பகுதியில் மருத்துவமனை நடத்தினார். அங்கே வந்து காத்திருந்த பெண்களின் முகங்களே கோல்விட்ஸின் கலைப்பள்ளி. 1908-இல் அவர் முடித்த 'உழவர் போர்' என்னும் ஏழு படங்களின் தொகுதி, மேலே நாம் கண்ட 1525-ஆம் ஆண்டு எழுச்சியைப் பற்றியது. முதற்படம் ஏருழும் காட்சி. ஹோல்பைனின் கிழவன் ஏர் பிடித்தான். இங்கே குதிரைகளே இல்லை. மனிதரே நுகத்தடியில் பூட்டப்பட்டு, உடல் ஏறத்தாழ நிலத்தைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து இழுக்கின்றனர். துணைக்குச் சாவும் வரவில்லை. மறையும் கதிரவனும் இல்லை. இந்த ஒரு படம் ஹோல்பைனுக்கு நானூறாண்டு கழித்து வந்த மறுமொழி என்றே நாம் கொள்கிறோம். தொகுதியில் மற்றொரு படம்: போர் முடிந்த இரவு; விளக்கேந்திய தாய் ஒருத்தி பிணக்குவியலிடையே குனிந்து ஓர் இளைஞனின் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். அப்படம் வரைந்த ஏழாண்டுகளுக்குப் பின், 1914 அக்டோபரில், கோல்விட்ஸின் இளைய மகன் பெல்சியப் போர்க்களத்தில் மாண்டான். அவனுக்கு அகவை 18.

1919 சனவரி 15-இல் பெர்லினில் கார்ல் லீப்னெக்டும் ரோசா லக்சம்பர்க்கும் படையினரால் கொல்லப்பட்டனர். லீப்னெக்டின் குடும்பத்தார் கோல்விட்ஸை அழைத்து, பிணவறையில் கிடந்த அவர் உருவை வரையச் செய்தனர். கோல்விட்ஸ் அவர் கட்சியினர் அல்லர். ஆயுதப் புரட்சியில் அவருக்கு நம்பிக்கையும் இல்லை. ஆயினும் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து அழுததைக் கண்ட பின்னர் அவரால் அப்பொருளை விட முடியவில்லை. செப்புத் தகட்டில் முயன்றார், கல்லச்சில் முயன்றார், நிறைவுறாமல், அதுவரை கையாளாத மரச்செதுக்கைக் கற்று 1920-இல் முடித்தார்.

அப்படத்தில் லீப்னெக்ட் கீழே, ஒரு வெண்ணிறக் கோடுபோல் கிடக்கிறார். படத்தின் பெரும்பகுதியை நிறைப்போர் அவரைக் காண வந்த தொழிலாளர். ஒருவன் குனிந்து தன் பெரிய முரட்டுக் கையை அவர் மார்பின்மேல் வைத்திருக்கிறான். பின்னே ஒரு தாய் தன் குழந்தையோடு எட்டிப் பார்க்கிறாள். வாழ்வோர் இறந்தவனுக்குச் செய்யும் காணிக்கை இது என்னும் பொருளில் கீழே ஒரு வரி செதுக்கப்பட்டுள்ளது. மாராவின் படத்தில் இறந்தவர் மட்டுமே உள்ளார். அவரைக் காண வருபவர் நாம், ஆதலால் வழிபடுவதன்றி நமக்கு வேறு வேலையில்லை. இங்கே நமக்கு முன்பே வந்து நிற்போர் இருக்கின்றனர். அவர்களோடு நாமும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அவ்வரிசையில் முன்பின் இல்லை. இறந்தவன் எதற்காக வாழ்ந்தானோ அந்தச் சமன்மை, அவன் உடலைச் சூழ்ந்து நிற்போரிடையே ஒரு நொடி நிலவுகிறது. இறந்தவனின் கொள்கையை ஏற்காத ஒருவரால் இத்தகைய நீதியைச் செய்ய முடிந்தது என்பது, கலையைக் கட்சிக்குள் அடைத்துப் பார்ப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

கோல்விட்ஸுக்கே பின்னர் நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுவோம். இறந்த மகனை மடியிற் கிடத்திய தாயாக அவர் 1930-களின் பிற்பகுதியில் வடித்த சிறு சிற்பத்தைப் பன்மடங்கு பெரிதாக்கி, 1993-இல் செருமன் அரசு பெர்லின் நடுவே நினைவகம் ஒன்றில் வைத்தது. போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோர் அனைவர்க்கும் அது உரியது என்றது. உடனே எதிர்ப்பு எழுந்தது. வதைமுகாமில் நச்சுப்புகையால் கொல்லப்பட்ட யூதரும், அவ்வாட்சிக்காகப் போரிட்டு மாண்ட படைவீரரும் ஒரே பெயரின் கீழ் வரலாமா என்று பலர் கேட்டனர். அதன் விளைவாக, கொல்லப்பட்டோர் யார் யார் என்று வகைப்படுத்திக் கூறும் பலகையொன்று வாயிலில் வைக்கப்பட்டது. எல்லாப் பிணமும் ஒன்றே என்பது மயானத்தில் நாம் பேசும் மொழி. ஒருவன் எவ்வாறு பிணமானான் என்று கேட்பதை நிறுத்திவிட்டால் அம்மொழி கொன்றவனுக்கும் உதவும்.

நம் நாட்டிற்கு வருவோம். தலைநகரில் வாழும் நமக்குப் பகத்சிங்கின் உருவம் நாள்தோறும் கண்ணிற் படுவது. ஆட்டோவின் பின்புறத்தில், தேநீர்க் கடைச் சுவரில், நாட்காட்டியில் அவ்வுருவைக் காண்கிறோம். சாய்ந்த தொப்பியும் மெல்லிய மீசையும் கொண்ட புகழ்மிக்க ஒளிப்படம், 1929 ஏப்ரல் 8-இல் மத்திய சட்டமன்றத்தில் குண்டு வீசுவதற்குச் சில நாட்கள் முன் தில்லிக் காஷ்மீரி கேட்டில் எடுத்தது. தன் உருவம் மக்களிடையே உலவப் போகிறது என்று அறிந்தே அவ்விளைஞர் நிழற்படக் கருவியின் முன் நின்றார் எனலாம். 1931 மார்ச்சு 23-இல் லாகூர்ச் சிறையில் அவரையும் ராஜகுருவையும் சுகதேவையும் தூக்கிலிட்டனர். பகத்சிங்குக்கு அகவை 23. தூக்கிலிட வேண்டா, போர்க்கைதிகளாகக் கருதிச் சுட்டுக் கொல்லுங்கள் என்று மூவரும் அரசுக்கு எழுதியிருந்தனர். சாவு ஒன்றேயாயினும் சாகும் வகை ஒன்றன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அரசு இணங்கவில்லை, உடல்களையும் உறவினரிடம் தராமல் இரவோடிரவாகச் சட்லெஜ் ஆற்றங்கரையில் உசைனிவாலா அருகே எரித்தது.

காண உடலில்லை, ஆகவே படங்கள் அவ்விடத்தை நிரப்பின. கான்பூரிலும் லாகூரிலும் அச்சான வண்ணப் படங்களில், வீரர்கள் துணிக்கப்பட்ட தம் தலையைப் பாரத மாதாவின் முன் காணிக்கையாக்குகின்றனர். அரசு அவற்றைத் தடை செய்தது. தடை செய்யப்பட்ட படிகள் பல இன்று ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அவற்றை அச்சிட்டு மறைவாக விற்றவரின் துணிவு போற்றத்தக்கதே. ஆனால் தலையைத் தட்டில் ஏந்தியவர் யார்? 1930 அக்டோபரில் சிறையிலிருந்து, தாம் ஏன் நாத்திகர் என்று விரிவாக எழுதியவர். கழுத்தில் கயிறு இறுகும் கணத்தோடு எல்லாம் முடிந்துவிடும், மறுமையோ விண்ணுலகோ தமக்கில்லை என்று தெளிந்து, அத்தெளிவோடே சாவை எதிர்நோக்கியவர். அக்கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்க, 1930-களில் ஈரோட்டிலிருந்து பெரியார் வெளியிட்டார். ஜீவா அதற்காகச் சிறை சென்றார். தூக்கிலிட்ட ஒரு வாரத்திற்குள், 1931 மார்ச்சு 29-இல், 'குடி அரசு' இதழ் பகத்சிங்கைப் பற்றித் தலையங்கம் எழுதியது. தமிழர் அவரை முதலிற் கண்டது படத்தில் மட்டுமன்று, அவர் எழுத்திலும் எனலாம். வடக்கே ஓவியர்கள் அவருக்குத் தந்த தெய்வத்தை அவர் எழுத்து வேண்டா என்றது. பாரிசில் மாராவுக்கு நேர்ந்ததே லாகூரில் அவருக்கும் நேர்ந்தது.

தொப்பியும் நிலைக்கவில்லை. பிற்காலப் படங்கள் பலவற்றில் அது தலைப்பாகையாயிற்று; 2008-இல் நாடாளுமன்ற வளாகத்தில் நிறுவிய சிலையும் தலைப்பாகையோடே நிற்கிறது; அவர் சாயலே அதில் இல்லை என்று அப்போது குறை கூறியோர் பலர். இன்னொன்றும் காண்க. ஒரே நாளில், ஒரே மேடையில், ஒரே குற்றத்திற்காக மாண்டவர் மூவர். நாட்காட்டியில் பகத்சிங் பெரும்பாலும் நடுவில், சற்றே பெரியவராக நிற்கிறார். மற்றவர் இருபுறமும் சிறியவராக நிற்கின்றனர். நடுவன் மூவரையும் ஒன்றாகத்தான் கொண்டான். அச்சகத்தார் வேறு கணக்கு வைத்திருந்தனர்.

இதனை அச்சகத்தார் மேல் மட்டும் ஏற்றிவிட நமக்கு உரிமையில்லை. நிகம்போத் படித்துறையில் எல்லாரும் ஒன்று என்று சொல்லிவிட்டு வந்த நாம், அதன் பின் செய்வதென்ன? உயர் அலுவலர் ஒருவர் மறைந்தால் இரங்கற் கூட்டமும் படத்திறப்பும் நடக்கின்றன. வடிகால் ஓரத்துக் குடிசையிலிருந்து வந்து நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்த தமிழ்ப் பெண்மணி மறைந்தால், ஒரு மாதம் வேலைக்கு வேறு ஆள் கிடைக்காத தொல்லையைப் பற்றியே பேசுகிறோம். இடுகாட்டில் யாவரும் சமம் என்னும் பேச்சு, இடுகாட்டுக்கு வெளியே நாம் எதையும் மாற்றாமலிருக்கத் துணை செய்கிறதோ என்னும் ஐயம் நமக்கு உண்டு.

நம் முன்னோர் கல்லிலே வேறொரு வழி கண்டனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று உண்டு. தொறுப் பூசலில் பட்ட வீரன் ஒருவனின் உருவோடு, அருகே நாயொன்றின் உருவும் அக்கல்லில் உள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், கள்வர் இருவரைக் கடித்து அது காத்து நின்றது என்றும் எழுத்துப் பொறித்திருக்கின்றனர். மன்னன் பெயர் பொறித்த கல்லிலேயே நாயின் பெயரும் நிலைத்துவிட்டது. சாவு எல்லாரையும் ஒன்றாக்குகிறது என்று அக்கல் எங்கும் சொல்லவில்லை. யார் எதைச் செய்து மாண்டார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

வங்கத்தில் 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ முப்பது இலட்சம் என்பர். அத்தனை பெரிய எண்ணில் மனிதர் கரைந்து போவது எளிது. பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்த சித்தப்பிரசாத் பட்டாச்சாரியா என்னும் இளம் ஓவியர் அவ்வாண்டு நவம்பரில் மேதினிப்பூர் மாவட்டத்தைக் கால்நடையாகச் சுற்றி, மையும் தூரிகையும் கொண்டு தாம் கண்டோரை வரைந்தார். நடனமாடும் எலும்புருவம் எதனையும் அவர் கற்பனை செய்யத் தேவையிருக்கவில்லை. பல படங்களோடு அம்மனிதரின் பெயரையும், எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன தொழில் செய்தவர், எவ்வாறு இந்நிலைக்கு ஆளானார் என்பதையும் எழுதிவைத்தார். 'பசித்த வங்கம்' என்னும் தலைப்பில் அது நூலாக வந்தபோது அரசு 5,000 படிகளைக் கைப்பற்றி எரித்தது. ஓவியரின் குடும்பத்தார் ஒரு படியைக் காத்து வைத்திருந்தனர். அதனைக் கொண்டு 2011-இல் தில்லியில் மறுபதிப்பு ஒன்று வெளிவந்தது. அப்பெயர்களும் ஊர்களும் அதில் அப்படியே உள்ளன.